ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா? எதை வெச்சு முடிவு பண்றது?

ஆண்ட்ராய்டு, ஐஃபோன் ரெண்டுக்கும் சேர்த்து ஒரே கோடுல ஆப் எழுத எந்த டூல் நல்லது? "இதுதான் பெஸ்ட்"னு ஒரே பதில் கிடையாது. ஆனா பொருந்தாத டூல்ல மாட்டிக்கிட்டா, பாதி வழியில மொத்த ஆப்பையும் திரும்ப எழுத வேண்டி வரும். அதனால ஒவ்வொண்ணும் உள்ளே எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல பார்த்துடலாம்.

ரியாக்ட் நேட்டிவை ஃபேஸ்புக் 2015-இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. நீங்க ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதுவீங்க. திரையில வர்ற பட்டன், டெக்ஸ்ட் எல்லாம் அந்தந்த போனோட சொந்தச் சரக்கு. வெப்ல ரியாக்ட் பழகின டீமுக்கு இது பக்கத்து வீடு மாதிரி.

கூகுளின் ஃப்ளட்டர் 1.0 வந்தது 2018 டிசம்பரில். மொழி, டார்ட். இது போன்கிட்ட பட்டன் கேட்கிறதே இல்லை; எல்லாத்தையும் தானே வரைஞ்சுக்கும். அதனால டிசைன் ரெண்டு போன்லயும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கும். ஆனா ஐஓஎஸ் தன் தோற்றத்தை மாத்தினா, உங்க ஆப் தானா மாறாது. வரையுற எஞ்சினும் ஆப்போட சேர்ந்தே போறதால சைஸும் கூடும்.

கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் 2023 நவம்பரில் ஸ்டேபிள் ஆனது. இதுல லாஜிக்கை மட்டும் பொதுவா வெச்சுக்கிட்டு, திரைகளைத் தனித்தனியா எழுதலாம். ஏற்கெனவே கோட்லின்ல ஆண்ட்ராய்டு ஆப் வெச்சிருக்கவங்க கொஞ்சம் கொஞ்சமா மாறிக்கலாம்.

சரி, எப்படித் தேர்ந்தெடுக்கிறது? மூணு கேள்வி போதும்.

ஒண்ணு, டீமுக்கு இப்போ என்ன தெரியும்? டெட்லைன் நெருக்கத்துல புது மொழி கத்துக்கிறது கஷ்டம்.

ரெண்டு, உங்க ஆப்புல ரொம்பக் கஷ்டமான விஷயம் எது? ப்ளூடூத்தா, பேக்ரவுண்ட் லொக்கேஷனா? லாகின் ஸ்க்ரீன் எல்லா டூல்லயும் அழகா வரும். கஷ்டமானதை முதல்ல ஒரு வாரம் எழுதி, விலை குறைஞ்ச போன்ல ஓட்டிப் பாருங்க.

மூணு, இந்த டூல் நின்னுபோனா என்ன பண்ணுவீங்க? ஸமரினுக்கு மைக்ரோசாஃப்ட் 2024 மே 1-ஓட சப்போர்ட்டை நிறுத்திடுச்சு. அதை நம்பி எழுதினவங்க வேற இடம் தேட வேண்டியதாச்சு. அதனால பிசினஸ் லாஜிக்கைத் திரைக்கான கோடுல கலக்காம தனியா வையுங்க. நாளைக்கு வீடு மாறினாலும் சாமானைத் தூக்கிட்டுப் போகலாம்.

கடைசியா ஒண்ணு: எந்த டூல் எடுத்தாலும் ஐஃபோனுக்கு பில்ட் எடுக்க எங்கேயாவது ஒரு மேக் ஓடணும், சொந்தமாவோ கிளவுட்லயோ. ஆப்பிள் டெவலப்பர் கணக்குக்கு வருஷம் 99 டாலர். பட்ஜெட்ல இப்பவே எழுதி வெச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!