215 போதாதா?

டொயோட்டா 2012இல் 86 என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரை விற்பனைக்கு விட்டபோது, இன்ஜினுக்குச் சமமாகப் பேசப்பட்டது அதன் டயர். 215/45 ஆர் 17 அளவில் மிஷ்லின் பிரைமஸி ஹெச்பி. பெட்ரோல் மிச்சத்துக்குப் பேர்போன பிரியஸ் காரில் 17 அங்குல வீலோடு வந்த மாடல்களிலும் இதே டயர்தான். 200 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம், தரையோடு ஒட்டிய இருக்கை எல்லாம் கொடுத்துவிட்டுக் கடைசியில் குடும்பக் கார் டயரா என்று கேலி செய்தவர்கள் உண்டு. தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா அதற்குச் சங்கடப்படவில்லை. டர்போ வேண்டாம், நான்கு சக்கர இயக்கம் வேண்டாம், பிடிப்பு மிகுந்த அகல டயர் வேண்டாம் என்று தாமே வகுத்துக்கொண்ட வரம்புக்குள்தான் அந்தக் காரை அவர் உருவாக்கினார். காரை வாங்கியவர்களில் பலர் முதல் வேலையாக அந்த வீலையும் டயரையும் கழற்றிவிட்டு வெளிக்கடை அலாய் வீல் தேடக் கிளம்பியது வேறு கதை.

அப்படிக் கிளம்புபவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இந்தக் காருக்கு அதிகபட்சம் எவ்வளவு அகல டயர் போகும்? கேள்வியே தலைகீழாக இருக்கிறது என்பது என் கட்சி. எவ்வளவு போகும் என்பதற்கு மட்கார்டு பதில் சொல்லிவிடும். எவ்வளவு வேண்டும் என்பதற்கு ரிம்மின் அகலம், காரின் எடை, ரப்பரின் தரம், ஓட்டப்போகும் சாலை எல்லாவற்றையும் கேட்க வேண்டும். அகலத்தைக் கடைசியாக முடிவு செய்பவருக்கு இந்த வகைக் காரில் 215இலோ, மிஞ்சிப்போனால் 225இலோ கணக்கு முடிந்துவிடும். 245 வரை போகத் தேவையுள்ளவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் மிகச் சிலர், அவர்களைப் பற்றிப் பின்னால் பார்க்கலாம்.

முதலில் டயரின் பக்கச்சுவரில் அச்சிட்ட எண். 215 என்பது தரையில் படியும் ரப்பரின் அகலம் அல்ல. குறிப்பிட்ட அகலமுள்ள ரிம்மில் மாட்டிக் காற்றடித்தபின் ஒரு பக்கச்சுவரின் வெளிப்புறத்திலிருந்து மறுபக்கச்சுவரின் வெளிப்புறம் வரை உள்ள மில்லிமீட்டர் அது. தரையில் படிவது அதைவிடக் குறைவு. அகலம் கூடினால் தரையைத் தொடும் பரப்பும் அதே விகிதத்தில் கூடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் காரின் எடையைப் பெரும்பாலும் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்று. 86 காரின் எடை சுமார் 1,240 கிலோ. சக்கரத்துக்குச் சராசரி 310 கிலோ. காற்றழுத்தம் 2.4 பார் என்றால், எடையை அழுத்தத்தால் வகுத்தால் ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 127 சதுர சென்டிமீட்டர். அதே காற்றழுத்தத்தில் அகல டயரை மாட்டினாலும் இந்த எண் பெரிதாக நகராது. டயரின் சொந்த விறைப்பைப் பொறுத்துச் சற்றே ஏறலாம். உண்மையில் மாறுவது அந்தத் தடத்தின் வடிவம்: முன்பின்னாக நீளம் குறைந்து, குறுக்கே விரிகிறது.

அந்த வடிவ மாற்றத்தால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. ரப்பரின் பிடிப்பு, அதன்மேல் ஏறும் பளுவுக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. பளு இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பை எட்டாமல் பின்தங்கும். வளைவில் எடை வெளிப்பக்க டயர்கள்மேல் சாயும்போது நிகழும் இழப்பு இதுதான். அகல டயர் அந்தப் பளுவைப் பரவலாக வாங்குவதால் இழப்பு குறைகிறது. விரிந்த தடம், ஸ்டீயரிங்கைச் சிறிது திருப்பியதுமே பக்கவாட்டு விசையைக் காட்டும். ரப்பர் அதிகம் என்பதால் சூட்டையும் தேய்மானத்தையும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் இந்த நன்மைகள் எல்லாம் எடை, வேகம், இன்ஜின் விசை ஆகியவை ஏற ஏறத்தான் காசுக்குப் பெறுமானமாகின்றன. 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையுள்ள ஓர் இலேசான கார் அன்றாடச் சாலையில் ஓடும்போது அகலமான விளையாட்டு டயர் தனக்குரிய சூட்டையே எட்டாமல் போகலாம். அதே நேரத்தில் கூடுதல் கனமும் உருளும்போது எழும் தடையும் காற்றின் எதிர்ப்பும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் கூடவே வரும். சாலையில் பள்ளம் விழுந்த சக்கரத் தடங்களைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங் இழுப்பதும் அகல டயரின் பழக்கம்.

ரிம்முக்கு வருவோம். டயர் அகலம் பற்றிய வாதங்களில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். ஒவ்வோர் அளவுக்கும் எந்த அகல ரிம்மில் மாட்டலாம் என்ற வரம்பு உண்டு. 215/45 ஆர் 17 டயருக்கு 7 முதல் 8 அங்குலம். 225/45 ஆர் 17க்கு 7 முதல் 8.5, 245/40 ஆர் 17க்கு 8 முதல் 9.5. ரிம் அரை அங்குலம் அகன்றால் டயரின் அகலம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் கூடும் என்பது தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. 225 என்ற எண் 7.5 அங்குல ரிம்மில் அளந்தது; 245 என்பது 8.5 அங்குலத்தில். ஆகவே 225ஐ 8.5 அங்குல ரிம்மில் போட்டால் அது 235 ஆகிவிடும். 245ஐ 8 அங்குல ரிம்மில் அமுக்கினால் 240தான். பில்லில் 20 மில்லிமீட்டர் வித்தியாசம், வண்டியில் 5. அமுக்கி மாட்டிய டயரின் பக்கச்சுவர் உப்பிக்கொண்டு நிற்கும். வளைவில் ரிம் ஒரு பக்கம் நகர, டயர் சற்றுத் தாமதித்துத் தொடரும். வாங்கிய அகலத்தில் பெரும்பகுதி இந்தத் தளர்ச்சியில் கரைந்துவிடுகிறது. 8 அங்குல ரிம்மில் 225 நேராக, விறைப்பாக நிற்கும். 7 அங்குல மூல ரிம்மை வைத்துக்கொள்பவருக்கு 215 சரி; 225 போட்டாலும் குற்றமில்லை, கிடைப்பது சொற்பம். இதற்கு நேர்மாறாக 9 அங்குல ரிம்மில் 215ஐ இழுத்து மாட்டி, பக்கச்சுவர் சரிந்து நிற்பதை அழகென்று கொள்ளும் கூட்டமும் இருக்கிறது. அது வரம்புக்கே வெளியே என்பதால் விவாதிக்க ஒன்றுமில்லை.

அகலம் போதாது என்று வாதிடுபவர்களுக்கு டொயோட்டாவே பதில் வைத்திருக்கிறது. 2021இல் வந்த அடுத்த தலைமுறை ஜிஆர்86 காரில் இன்ஜின் 2 லிட்டரிலிருந்து 2.4 ஆயிற்று; முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டர். உயர்ந்த மாடலில் ரிம் 18 அங்குல விட்டத்துக்கு ஏறி, அகலம் 7.5 அங்குலமாயிற்று. டயர்? 215/40 ஆர் 18. ஒரு மில்லிமீட்டர்கூட அகலவில்லை. மாறியது ரப்பர்: பிரைமஸிக்குப் பதில் பைலட் ஸ்போர்ட் 4. பழைய காரைக் கேலி செய்தவர்கள் கேட்ட பிடிப்பு, அகலத்தைத் தொடாமலே கிடைத்தது. மாஸ்டா எம்எக்ஸ்-5 இன்னும் சுவாரசியம். 1989இல் 185/60 ஆர் 14 டயரோடு பிறந்த கார் அது. மூன்றாம் தலைமுறையில் எடை கூடியது, ஒரு சக்கரத்துக்கு ஐந்து போல்ட் ஆனது, அடிப்படை மாடலின் டயர் 205 ஆனது. நான்காம் தலைமுறையில் எடையைக் குறைக்கக் கங்கணம் கட்டிக்கொண்டு போல்ட்டை நான்காக்கினார்கள். அடிப்படை மாடலின் டயர் 195க்கு இறங்கியது. எடையைக் குறைத்தால் டயரையும் குறைக்கலாம் என்று ஒரு நிறுவனம் தன் கைப்பொருளைப் போட்டுக் காட்டியது இது. விரலுக்குத் தகுந்த வீக்கம்.

அப்படியானால் போர்ஷேக்காரர்கள் முட்டாள்களா, பின்சக்கரத்தில் 295 போடுகிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1964இன் 911 நான்கு சக்கரத்திலும் 165 டயரோடு வந்தது. 130 குதிரைத்திறன், ஆயிரத்துச் சொச்சம் கிலோ எடை. 992 தலைமுறை கரேராவில் முன்னால் 235, பின்னால் 295. இடைப்பட்ட காலத்தில் எடை ஒன்றரை டன்னைத் தாண்டியது, திறன் மும்மடங்கை நெருங்கியது, இன்ஜின் மட்டும் இன்றும் பின்அச்சுக்குப் பின்னால் தொங்குகிறது. அந்தக் காருக்குப் பின்னால் அகலம் தேவை. தேவைப்பட்ட இடத்தில்தான் கொடுத்திருக்கிறார்கள். முன்டயரைக் கவனியுங்கள். அதேபோல மெக்லாரன் எஃப்1: 627 குதிரைத்திறன், 1998இல் மணிக்கு 386 கிலோமீட்டர் தொட்ட கார், பின்னால் 315, முன்னால் 235. இருநூறு குதிரைத்திறன் காரின் முன்சக்கரத்தில் 245 மாட்டுபவர், மெக்லாரனின் முன்டயரைவிட அகலமான ஒன்றை மாட்டுகிறார்.

ஃபார்முலா 1 பந்தயத்தையும் சாட்சிக்கு இழுப்பார்கள். 2017இல் அங்கே பின்டயர் 325இலிருந்து 405 ஆயிற்று, முன்டயர் 245இலிருந்து 305. வளைவில் வேகம் கூடியது உண்மை. ஆனால் அதே ஆண்டு இறக்கைகளையும் அடித்தட்டையும் பெரிதாக்கினார்கள்; காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசை ஏறியது; அந்த அழுத்தத்தைத் தாங்கவே அகலம். காரை இலேசாக்கி, காற்றுத் தடையையும் குறைக்க வேண்டும் என்று 2026 விதிகளை எழுதியபோது முன்டயரில் 25, பின்டயரில் 30 மில்லிமீட்டரை வெட்டிவிட்டார்கள். பந்தயத்திலும் அகலம் கணக்கின் விடையாகத்தான் வருகிறது.

டிராக்கில் 9 அங்குல ரிம்மும் 245 டயரும் போட்ட 86 வேகமாக ஓடுகிறதே என்றால், ஓடும். மறுப்பதற்கில்லை. காய்ந்த, சூடான டிராக்கில் இருபது நிமிடம் இடைவிடாமல் அடித்து ஓட்டினால் 215 டயர் கொதித்து வழுக்கத் தொடங்கும், 245 தாக்குப்பிடிக்கும். ஆனால் அந்தக் காரின் சொந்தக்காரர் அதோடு நிறுத்தியிருக்க மாட்டார். 86 காரின் மூல வீல் 7 அங்குலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது அச்சில் பொருந்தும் முகம் வரையுள்ள தூரம்) +48 மில்லிமீட்டர். 9 அங்குலம், +45 வீல் போட்டால் வெளிவிளிம்பு 28 மில்லிமீட்டர் வெளியேயும் உள்விளிம்பு 22 மில்லிமீட்டர் உள்ளேயும் நகரும். உள்ளே சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் காத்திருக்கிறது, வெளியே மட்கார்டு. சக்கரத்தின் மேற்பக்கத்தை உள்நோக்கிச் சாய்க்க வேண்டும், மட்கார்டின் மடிப்பைத் தட்டி உயர்த்த வேண்டியிருக்கலாம், ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். ஜப்பானிய வாகனப் பரிசோதனையில் டயர் பகுதி மட்டும் 10 மில்லிமீட்டருக்குள் வெளியே துருத்தலாம் என்ற சலுகையே 2017இல்தான் வந்தது. ஜெர்மனியில் அங்கீகாரம் இல்லாத வீல், டயர் இணையை மாட்டினால் காரின் இயக்க அனுமதியே செல்லாமல் போகலாம். இத்தனைக்கும் தயாரானவருக்கு 245 சரியான தேர்வு. வாரநாட்களில் அலுவலகம், வருடத்துக்கு ஓரிரு முறை டிராக் என்பவருக்கு 225இல் நல்ல ரப்பர் வாங்கினால், 245இல் சுமார் ரப்பர் வாங்கியதைவிட அதிகம் கிடைக்கும். பணம் ஒரே பணம்தானே.

ஈரச் சாலை இந்த வாதத்தில் அடிக்கடி விட்டுப்போகிறது. நாசாவின் வால்டர் ஹார்ன் 1960களில் விமான டயர்களை நீர் தேங்கிய தளத்தில் ஓட்டி, தரையை விட்டுத் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று காட்டினார். 2.4 பார் அழுத்தத்துக்கு அந்தச் சூத்திரம் தரும் வேகம் மணிக்கு 98 கிலோமீட்டர். பின்னாளில் லாரி டயர்களை ஆராய்ந்தபோது தடத்தின் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதமும் கணக்கில் சேர்ந்தது: தடம் குட்டையாகி அகல அகல, மிதக்கும் வேகம் குறைகிறது. நல்ல பள்ளக்கோடுகள் உள்ள புது டயர் இதைப் பெருமளவு சமாளிக்கும். ஆனால் டிராக்குக்கென்று செய்த அகல டயர்களில் அந்தக் கோடுகள் சிக்கனமாகத்தான் இருக்கும். பெருமழையில் நெடுஞ்சாலையில் போகிறவர் இதை யோசிக்க வேண்டும்.

பின்னால் மட்டும் அகலம் போடலாமா என்பது இன்னொரு யோசனை. 86இல் நான்கும் ஒரே அளவு. பின்பக்கம் இலேசாக நழுவ, அதை ஓட்டுநர் கையாள வேண்டும் என்பதே அதன் குணம். பின்னால் 245, முன்னால் 225 என்றால் வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளும், அந்தக் குணம் போய்விடும். நான்கு டயரையும் முன்பின் மாற்றிப்போட்டுச் சமமாகத் தேய்க்கும் வசதியும் போகும்.

விட்டத்தைப் பற்றி இரண்டே வரி. 215/45 ஆர் 17இன் மொத்த விட்டம் 625 மில்லிமீட்டர். 225/45 ஆர் 17இல் 634. 245/40 ஆர் 17இல் 628. 235/45 ஆர் 17 போட்டால் 643. ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது என்பது ஐ.நா. வாகன விதி, ஏறக்குறைய மூன்று சதவீதம் பெரிதான கடைசி அளவு அந்த விதியின் விளிம்பைத் தின்கிறது, கியரையும் மந்தமாக்குகிறது.

எஞ்சியிருப்பது அழகு. ஒடுங்கிய டயர் மட்கார்டுக்குள் ஒளிந்துகொண்டு நிற்பது பார்க்க நன்றாயில்லை என்பார்கள். ஸ்போர்ட்ஸ் காரை வாங்குவதில் பாதி காரணம் பார்ப்பதற்குத்தான், ஆகவே இதை அற்பம் என்று தள்ள மாட்டேன். ஆனால் கண்ணுக்குத் தெரியும் இடைவெளியை நிரப்புவது டயரின் அகலத்தைவிட ரிம்மின் ஆஃப்செட். 8 அங்குலம், +45 வீல் 86இன் மூல வீலைவிட 16 மில்லிமீட்டர் வெளியே வரும், உள்ளே 10 மில்லிமீட்டருக்குள் நகரும். அதில் 225 மாட்டினால் மட்கார்டு நிறைந்து தெரியும், ஸ்ட்ரட்டைத் தொடாது, நான்கும் ஒரே அளவு. வீல் வாங்கும்போது கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது அகலத்தையும் ஆஃப்செட்டையும். டயரைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு ஆரம்பிக்கலாம்.