வானத்தை விற்றுக் காத்த கட்டடம்!

ஜப்பானுக்குச் சுற்றுலா செல்வோரின் பட்டியலில் ஃபியூஜி மலையும், கியோட்டோ நகரின் கோயில்களும், அதிவேக ரயிலும் தவறாமல் இடம்பெறுகின்றன. டோக்கியோ என்றால், 2012-இல் திறக்கப்பட்ட 634 மீட்டர் உயர ஸ்கைட்ரீ கோபுரத்தில் ஏறி நகரைப் பார்ப்பதோடு பலர் நிறைவு கொள்கின்றனர். ஆனால், அந்நகரின் நவீனக் கட்டடக் கலையை அறிய விரும்புவோருக்கு உயரத்தில் ஏறுவதைவிடத் தரையில் நடப்பதே உகந்தது.

டோக்கியோ ரயில் நிலையத்தின் மேற்கு வாயிலில் தொடங்கி, மருனோச்சி வணிகப் பகுதி வழியாக கின்ஸாவின் தென்கோடி வரை நடந்தால் ஏறத்தாழ இரண்டு கிலோ மீட்டர். அந்தக் குறுகிய தொலைவுக்குள் காக்கப்பட்ட கட்டடமும் உண்டு; இடித்துவிட்டு மீண்டும் எழுப்பப்பட்ட கட்டடமும் உண்டு; அடியோடு மறைந்துபோன கட்டடமும் உண்டு.

2014-இல் ஒரு கருத்தரங்குக்காகச் சென்றபோது அந்த வழியில் முதன்முறையாக நடந்தேன். கடந்த இலையுதிர்காலத்தில் மனைவியுடன் மீண்டும் நடந்தேன். முதல் பயணத்தில் வலை போர்த்தி நின்றிருந்த ஒரு கட்டடம், இம்முறை இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. அதைவிட அறுபது ஆண்டுகள் மூத்த ரயில் நிலையமோ புதுப்பொலிவுடன் நிற்கிறது. ஒன்று வாழ்ந்ததற்கும் மற்றொன்று மறைந்ததற்கும் காரணம் என்ன என்பது பொருளாதாரம் பயிற்றுவித்த ஒருவனைச் சிந்திக்கத் தூண்டும் கேள்வி.

டோக்கியோ ரயில் நிலையம் 1914 டிசம்பரில் திறக்கப்பட்டது. பிரிட்டனைச் சேர்ந்த ஜோசையா காண்டரிடம் பயின்ற தத்சுனோ கிங்கோ என்ற கட்டடக் கலைஞர் அதை வடிவமைத்தார். முந்நூறு மீட்டருக்கும் அதிகமான நீளமுள்ள அச்செங்கல் கட்டடம், நகரின் பெரும்பகுதியை அழித்த 1923 நிலநடுக்கத்தைத் தாங்கி நின்றது. ஆனால், 1945 விமானத் தாக்குதலில் அதன் குவிமாடங்களும் மூன்றாம் தளமும் எரிந்தன. போருக்குப் பின் இருந்த பணத்தைக் கொண்டு இரண்டு தளங்களுடன், கோண வடிவக் கூரை வேய்ந்து ஒப்பேற்றினர். அந்தத் தற்காலிகக் கூரை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது.

1980-களில் நிலத்தின் விலை விண்ணை எட்டியபோது, நிலையத்தை இடித்துவிட்டு உயரமான கட்டடம் எழுப்பலாம் என்ற பேச்சு எழுந்தது. குடிமக்கள் அமைப்பாகத் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். 2003-இல் அது தேசத்தின் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. 2007-இல் தொடங்கிய மறுசீரமைப்பு 2012-இல் நிறைவடைந்தது. மூன்றாம் தளமும் வட்டக் குவிமாடங்களும் 1914-இன் வடிவத்துக்கே மீண்டன. நிலநடுக்க அதிர்வு மேலே செல்லாதிருக்க, முழுக் கட்டடமும் ரப்பர் தாங்கிகளின் மீது அமர்த்தப்பட்டது.

இதற்கு ஆன செலவு ஏறத்தாழ 5,000 கோடி யென். நிலையத்தின் உரிமையாளரான ரயில் நிறுவனம் இத்தொகையைத் திரட்டிய விதம்தான் இந்த நடைப்பயணத்தின் முதல் பாடம்.

நம் நகரங்களில் வீடு கட்டும் எவரும் 'தளப்பரப்புக் குறியீடு' என்ற சொல்லை அறிவர். ஒரு மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பை அதில் கட்டலாம் என்பதற்கான வரம்பு அது. எடுத்துக்காட்டாக, ஆயிரம் சதுர மீட்டர் மனையில் குறியீடு ஒன்பது எனில், எல்லாத் தளங்களையும் சேர்த்து 9,000 சதுர மீட்டர் வரை கட்டலாம். அந்த மனையில் 2,000 சதுர மீட்டர் பரப்புள்ள பழைய கட்டடம் நின்றால், மீதமுள்ள 7,000 சதுர மீட்டருக்கான உரிமை பயனின்றிக் கிடக்கிறது. பழைய கட்டடத்தை இடிக்கும்படி உரிமையாளரைத் தூண்டுவது பேராசை மட்டுமன்று. அந்தப் பயன்படாத உரிமையின் விலையும்தான்.

வழக்கமாக இந்த உரிமையை அடுத்தடுத்துள்ள மனைகள் மட்டுமே பகிர்ந்துகொள்ள இயலும். 2000-இல் ஜப்பான் செய்த சட்டத் திருத்தம், வரையறுக்கப்பட்ட ஒரு பகுதிக்குள் அருகருகே இல்லாத மனைகளுக்கும் அதை மாற்றித் தர வழிவகுத்தது. ரயில் நிலையம் அமைந்துள்ள வட்டாரம் 2002-இல் அத்தகைய பகுதியாக அறிவிக்கப்பட்டது. மூன்று தளங்களுக்கு மேல் உயராத நிலையம், தன் தலைக்கு மேல் இருந்த வெற்று வானத்துக்கான உரிமையைச் சுற்றியுள்ள கட்டடங்களுக்கு விற்றது. வாங்கியவர்கள் கூடுதல் தளங்களை எழுப்பிக்கொண்டனர். அந்தப் பணத்தில் நிலையம் தன் குவிமாடங்களை மீட்டுக்கொண்டது.

இதைக் கண்ணால் காண ஒரு நல்ல இடம் உண்டு. நிலையத்தை ஒட்டி 1931-இல் கட்டப்பட்ட மத்திய அஞ்சலகத்தின் வெண்ணிற முகப்பில் ஒரு பகுதியைத் தக்கவைத்து, அதன் பின்னால் 200 மீட்டர் உயர ஜேபி டவர் எழுப்பப்பட்டுள்ளது. நிலையத்திடம் வான உரிமையை வாங்கிய கட்டடங்களுள் இதுவும் ஒன்று. இதன் ஆறாம் தளத்தில் உள்ள மாடித் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. மாலையில் அங்கு நின்றால், விற்ற கட்டடம் கீழே விளக்கொளியில் தெரிகிறது. வாங்கிய கட்டடம் நம் முதுகுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கிறது.

அங்கிருந்து மருனோச்சி தெருக்களில் நடக்கும்போது, பல கோபுரங்களின் கீழ்ப்பகுதி ஒரே உயரத்தில் முடிந்து, மேல்பகுதி சற்று உள்வாங்கி எழுவதைக் காணலாம். அந்த உயரம் 31 மீட்டர். நகரக் கட்டடங்களுக்கு முற்காலத்தில் விதிக்கப்பட்டிருந்த உச்ச வரம்பு அது. 1963-இல் சட்டம் திருத்தப்பட்டு, உயர வரம்புக்குப் பதிலாகத் தளப்பரப்பு வரம்பு வந்தது. 1968-இல் 36 தளங்களுடன் கசுமிகசேகி கட்டடம் எழுந்தது. ஜப்பானின் வானளாவிய கட்டடங்களின் காலம் அதிலிருந்தே தொடங்குகிறது.

அதே 1968-இல் மருனோச்சியில் ஓர் இழப்பும் நேர்ந்தது. ஜோசையா காண்டர் வடிவமைத்து 1894-இல் எழுந்த மிட்சுபிஷி முதல் எண் மாளிகை இடிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், அதே நிறுவனத்தைச் சார்ந்தவர்கள் பழைய வரைபடங்களைத் தேடியெடுத்து, ஏறத்தாழ 23 லட்சம் செங்கற்களைக் கொண்டு அதே இடத்தில் அதை மீண்டும் கட்டினர். 2010 முதல் அது கலை அருங்காட்சியகமாக இயங்குகிறது. வேலைப்பாடு நேர்த்தியானதே, ஆயினும் அது நகல்தான். இடிப்பதற்கு முன் செய்யாத கணக்கைப் பின்னர் செய்தால் எவ்வளவு செலவாகும் என்பதற்கு அந்த மாளிகையே சான்று.

அடுத்து வருவது டோக்கியோ சர்வதேச மன்றம். உருகுவேயில் பிறந்த ரஃபேல் வினோலி வடிவமைத்து, 1997-இல் திறக்கப்பட்ட இதன் கண்ணாடிக் கூடம், கவிழ்த்த கப்பலின் விலா எலும்புகளைப் போன்ற இரும்புக் கூரையைக் கொண்டது. அக்கூடத்தில் நிற்பவர் அறுபது மீட்டர் உயரத்தை ஒரே பார்வையில் அளக்கலாம். இங்கேதான், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் டாங்கே கென்ஸோ வடிவமைத்து 1957-இல் நிறைவடைந்த பழைய மாநகர அலுவலகம் இருந்தது. 1991-இல் அலுவலகம் ஷின்ஜுகுவுக்குப் பெயர்ந்தபோது பழையது இடிக்கப்பட்டது. ஷின்ஜுகுவின் 243 மீட்டர் உயரப் புதிய மாளிகையை வடிவமைத்தவரும் அதே டாங்கேதான்.

நடை முடியும் இடம் கின்ஸாவின் எட்டாவது வட்டாரம். இங்குதான் குரோகாவா கிஷோ வடிவமைத்த நகாகின் பெட்டகக் கோபுரம் 1972 முதல் 2022 வரை நின்றது. இரண்டு காங்கிரீட் தண்டுகளில், தொழிற்சாலையில் செய்யப்பட்ட 140 பெட்டகங்களைத் திருகாணிகளால் பொருத்தியிருந்தனர். ஒவ்வொன்றும் பத்து சதுர மீட்டர். அதற்குள் படுக்கை, குளியலறை, வட்டச் சாளரம் என அனைத்தும் அடக்கம். நகரமும் கட்டடமும் உயிரினத்தைப்போல் வளர்ந்து, தேய்ந்த உறுப்புகளைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று 1960-இல் முழங்கிய 'மெட்டபாலிசம்' இயக்கத்தின் மிகச் சிறந்த சான்று அது. ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெட்டகங்களைக் கழற்றிப் புதியவற்றைப் பொருத்துவது திட்டம்.

ஐம்பது ஆண்டுகளில் ஒரு பெட்டகம்கூட மாற்றப்படவில்லை. ஒவ்வொரு பெட்டகமும் தனித்தனி உரிமையாளருக்கு விற்கப்பட்டிருந்தது. மாற்றும் செலவை ஏற்க அனைவரும் உடன்பட வேண்டும். அதற்கென நிதி சேர்க்கப்படவில்லை. மழைநீர் கசிந்தது, கல்நார் கலந்திருந்ததால் பழுதுபார்ப்பதும் கடினமாயிற்று. தண்டுகளை வைத்துக்கொண்டு பெட்டகங்களை மட்டும் மாற்றலாம் என்று குரோகாவா வலியுறுத்தினார். ஆனால், 2007-இல் உரிமையாளர்கள் இடிக்கவே வாக்களித்தனர். அதே ஆண்டு குரோகாவா மறைந்தார். உலகப் பொருளாதார நெருக்கடியால் தள்ளிப்போன இடிப்பு 2022 ஏப்ரலில் தொடங்கியது. மீட்கப்பட்ட 23 பெட்டகங்களில் சில இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன.

ஜப்பானியருக்கு நிலையாமை இயல்பானது, ஆகவே இடிப்பதும் கட்டுவதும் அவர்களது பண்பாடு என்று சிலர் விளக்குகின்றனர். இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படும் இசே ஆலயத்தைச் சான்று காட்டுவர். ஆனால், அங்கு மரம்தான் மாறுகிறது, வடிவம் மாறுவதில்லை. அதே நாட்டில்தான் உலகின் மிகப் பழைமையான மரக் கட்டடங்களைக் கொண்ட ஹோர்யூஜி ஆலயமும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நிற்கிறது. எனவே, பண்பாடு மட்டும் விடையாகாது.

கணக்கேட்டில் விடை உண்டு. ஜப்பானிய வரிச் சட்டத்தில், தேய்மானக் கணக்கிற்கு மரவீட்டின் ஆயுள் 22 ஆண்டுகள்; காங்கிரீட் குடியிருப்பின் ஆயுள் 47 ஆண்டுகள். நிலம் தனி, கட்டடம் தனி என மதிப்பிடும் சந்தையில் பழைய கட்டடத்துக்கு மதிப்பு ஏறக்குறைய இல்லை. நிலநடுக்கப் பாதுகாப்பு விதிகள் 1981-இல் கடுமையாக்கப்பட்டதும், அதற்கு முந்தைய கட்டடங்களின் மீதான நம்பிக்கையைக் குறைத்தது. இச்சூழலில் எதையும் காப்பது இழப்பாகவும், இடிப்பது இலாபமாகவும் தோன்றுவதில் வியப்பில்லை.

ரயில் நிலையத்துக்கு அந்தக் கணக்கை மாற்றி எழுத ஒரு சட்டம் இருந்தது. ஒரே உரிமையாளர் இருந்தார். வான உரிமையை வாங்க அண்டை வீட்டார் காத்திருந்தனர். குரல் கொடுக்க மக்களும் இருந்தனர். பெட்டகக் கோபுரத்துக்கும் உலகெங்கும் அன்பர்கள் இருந்தனர். ஆனால், அவர்களது அன்பைப் பணமாக்கும் வழி இருக்கவில்லை. முடிவெடுக்க வேண்டிய உரிமையாளர்களும் ஒருவர் இருவர் அல்லர்.

வான உரிமை விற்பனை குறையற்றது என்று கூற இயலாது. ஓரிடத்தில் காக்கப்படும் வெட்டவெளி மற்றோரிடத்தில் நெரிசலாக வந்து சேர்கிறது. நிலம் விலையுயர்ந்த பகுதிகளில்தான் அந்த உரிமையை வாங்க ஆள் இருப்பர். சிற்றூரின் பழைய மரவீட்டை அது காக்காது. எனினும், மரபுக் கட்டடம் ஒன்றைக் காக்கச் சொல்லும் சமூகம், அதன் செலவை உரிமையாளரின் தலையில் மட்டும் சுமத்தலாகாது என்ற நியாயத்தை அது ஏற்றுக்கொள்கிறது.

ஜப்பான் செல்வோர் ஸ்கைட்ரீயில் ஏறட்டும், தவறில்லை. ஒரு மாலைப் பொழுதை மட்டும் இந்த இரண்டு கிலோ மீட்டருக்கு ஒதுக்கலாம். அஞ்சலக மாடியிலிருந்து நிலையத்தைப் பார்த்துவிட்டு, பெட்டகக் கோபுரம் நின்ற தெரு வரை நடந்து செல்லலாம். அழகு என்பதற்காக மட்டுமே எந்த நகரமும் எந்தக் கட்டடத்தையும் விட்டுவைப்பதில்லை. அந்த அழகைப் பேணும் செலவை யார், எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்று இடிப்பதற்கு முன்பே முடிவு செய்யும் நகரங்களில்தான் பழையவை நிற்கின்றன.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).