காய்க்காத செம்பருத்தி

மாணவர்களே, உங்கள் வீட்டுச் செம்பருத்தியில் எப்போதாவது காய் பார்த்திருக்கிறீர்களா? இந்தக் கேள்வியை என் வகுப்பில் கேட்டபோது ஒருவரும் கை தூக்கவில்லை. ஆண்டு முழுவதும் பூக்கிற செடி. பூவில் மகரந்தமும் உண்டு, சூலகமும் உண்டு. நடுவே நீண்டு நிற்கும் குழாயில் மஞ்சள் பொடியாக இருப்பது மகரந்தம். நுனியில் ஐந்தாகப் பிரிந்திருப்பது சூலகமுடி. பிறகு ஏன் காய் அரிது?

செம்பருத்தி மிகப் பழங்காலத்திலேயே மனிதர் வளர்த்துக் கலப்பினம் செய்த செடி. காட்டில் தானாக வளரும் செம்பருத்தியை யாரும் உறுதியாகக் கண்டதில்லை. வகைக்கு வகை குரோமோசோம் எண்ணிக்கையும் மாறுகிறது. அதனால் விதை பிடிப்பது கடினம். அப்படியே விதை பிடித்தாலும் அதில் முளைக்கும் செடி தாயைப் போல் பூக்காது. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு இந்தச் செடி வந்ததெல்லாம் குச்சியாகத்தான்.

என் பாட்டி ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீட்டை விட்டுத் தாமான் வீட்டுக்கு மாறியபோது, ஈரச் சாக்கில் சுற்றிய நாலு குச்சிகளைக் கொண்டுவந்தார். லயம் இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. பாட்டியின் செம்பருத்தி எங்கள் வேலியோரம் இருக்கிறது. அது பழைய செடியின் பிள்ளை என்று சொல்வது சரியல்ல, மரபணு ஒன்றேதான். அறிவியலில் இதைக் குளோன் என்கிறோம்.

நீங்களும் செய்து பாருங்கள். பச்சைத் தளிரும் வேண்டாம், முற்றிய மரத்தண்டும் வேண்டாம். பென்சில் பருமனில், 15 செ.மீ. நீளத்தில், மூன்று நான்கு கணுக்கள் உள்ள குச்சியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள். மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள். மேலே ஓரிரு இலைகள் போதும், அவற்றையும் பாதியாக நறுக்குங்கள். வேரில்லாத குச்சி இலை வழியாக நீரை இழந்தால் ஈடுகட்ட வழியில்லை. மணல் கலந்த மண்ணில் இரண்டு கணுக்கள் புதையும்படி, தலைகீழாகிவிடாமல் நட்டு, நிழலில் வையுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தால் ஈரம் காக்கும்.

நுனிப் பகுதியில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி கீழ்நோக்கி இறங்கி வெட்டுவாயில் சேர்கிறது. அங்குள்ள செல்கள் பிரிந்து, தண்டிலிருந்தே வேற்றிட வேர்களை விடுகின்றன. இதற்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகலாம். தினமும் பிடுங்கிப் பார்க்கும் ஆர்வக்கோளாறு வேண்டாம்!

1960-இல் இதை நாட்டின் தேசிய மலராக அறிவித்தார்கள். ஐந்து இதழ்கள் ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகள் என்று பள்ளியில் படிக்கிறோம். ருக்குன் நெகாரா வந்தது 1970-இல். மலர் முந்தி, விளக்கம் பிந்தி.

இதழ்களைக் கசக்கிக் காலணிக்குப் பளபளப்பு ஏற்றுவார்கள். தமிழில் இதற்குச் சப்பாத்துப்பூ என்ற பெயரும் உண்டு, இந்தோனேசியாவில் கெம்பாங் செபாத்து. சப்பாத்து, செபாத்து இரண்டும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தவை. மலாக்காக்காரர்களுக்கு இது வியப்பில்லை. சிவப்பு இதழ்களை வெந்நீரில் ஊறவைத்தால் வீட்டிலேயே ஒரு நிறங்காட்டி தயார்: எலுமிச்சைச் சாறு விட்டால் இளஞ்சிவப்பாகும், சமையல் சோடா போட்டால் பச்சையாகும்.

எல்லாம் ஒரே மரபணு என்பதில் ஆபத்தும் உண்டு. ஒரு செடியை வீழ்த்தும் பூச்சி அதன் குளோன்கள் அனைத்தையும் வீழ்த்தும். 1994-இல் கரீபியத் தீவான கிரெனடாவில் செம்பருத்தி மாவுப்பூச்சி நுழைந்து, வேலிச் செடிகளோடு பயிர்களையும் பாழாக்கியது. நம் ஆசியப் பகுதியில் அந்தப் பூச்சியைத் தின்று கட்டுக்குள் வைக்கும் உயிர்கள் உண்டு, அங்கே இல்லை. கடைசியில் ஆசியாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுபோய்விட்டுத்தான் அடக்கினார்கள்.

ஆகவே பக்கத்து வீட்டில் குச்சி கேட்கும்போது, வெட்டுவதற்கு முன் நுனித் தளிரையும் இலையின் அடிப்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக ஏதேனும் இருந்தால், நன்றி சொல்லிவிட்டு வேறு செடியைத் தேடுங்கள்.