சேமநிதிப் பணமும் பசுமை முத்திரையும்

வருங்கால வைப்பு நிதி அமைப்பு, ஓய்வூதிய நிதிகள், ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள், பரஸ்பர நிதிகள் என்று பெருந்தொகைகளைத் திரட்டிப் பங்குகளிலும் கடன்பத்திரங்களிலும் இடுகின்ற அமைப்புகள் நிறுவன முதலீட்டாளர்கள் எனப்படுகின்றன. அவை கையாளும் பணம் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்டதும், பாலிசிக்குப் பிரீமியமாகக் கட்டப்பட்டதும், எஸ்.ஐ.பி. வழியாக மாதந்தோறும் செலுத்தப்பட்டதுமான பிறர் பணமாகும். ஆகவே அந்தப் பணம் எந்தத் தொழிலை வளர்க்கிறது, எந்த ஆற்றை அழுக்காக்குகிறது, முப்பது ஆண்டுகள் கழித்து முழுதாகத் திரும்பி வருமா என்று கேட்கும் உரிமை முதலில் சந்தாதாரருக்கே உண்டு. கடந்த இருபது ஆண்டுகளில் ‘நிலைத்த முதலீடு’ என்ற பெயரில் வளர்ந்துள்ள நடைமுறை இக்கேள்விகளுக்கு விடை தருவதாகச் சொல்கிறது. அந்த விடை எவ்வளவு நம்பத்தக்கது, நம்பத்தகாதபோது சந்தாதாரர் எங்கே முறையிடுவது என்பவை இன்னும் பரவலாக அறியப்படவில்லை.

சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாக ஒழுங்கு ஆகிய மூன்றையும் லாபக் கணக்கோடு சேர்த்து எடைபோடும் முறைக்கு இ.எஸ்.ஜி. என்று பெயர். 2004-இல் ஐக்கிய நாடுகள் அவையின் முயற்சியில் வெளிவந்த ஓர் அறிக்கையால் பரவிய இச்சொல்லுக்கு, 2006-இல் அன்றைய பொதுச்செயலர் கோஃபி அன்னான் தொடங்கிவைத்த ‘பொறுப்புள்ள முதலீட்டுக்கான கோட்பாடுகள்’ நிறுவன வடிவம் தந்தன. 2007-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் கூட்டமொன்றில் உருவான ‘தாக்க முதலீடு’ என்னும் சொல் இதிலிருந்து வேறுபட்டது: இ.எஸ்.ஜி. முறை ஒரு நிறுவனத்தின் நடத்தையால் முதலீட்டுக்கு நேரக்கூடிய ஆபத்தைக் கணிக்கிறது. தாக்க முதலீடோ குடிநீர், மருத்துவம், சிறுகடன் போன்ற துறைகளில் அளந்து காட்டத்தக்க நன்மையையே நோக்கமாகக் கொண்டு, அதனோடு வருவாயையும் எதிர்பார்க்கிறது. விளம்பரங்களில் இவ்விரண்டும் கலந்தே வருவதால், முதல் வகையை வாங்கிவிட்டு இரண்டாம் வகையை வாங்கியதாக நம்புவோர் பலர்.

இந்த அணுகுமுறையால் என்ன இயலும், என்ன இயலாது என்பதை அறியத் தூத்துக்குடியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. எண்ணெய் வருவாயை வருங்காலத் தலைமுறைக்காகச் சேமிக்கும் நார்வே அரசின் ஓய்வூதிய நிதி எந்தெந்த நிறுவனங்களில் முதலிடக் கூடாது என்று பரிந்துரைக்க அந்நாட்டு அரசு 2004-இல் ஓர் அறநெறிக் குழுவை அமைத்தது. அக்குழு தூத்துக்குடியின் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை, தமிழ்நாட்டில் பாக்சைட் தோண்டிய மால்கோ, கோர்பாவின் பால்கோ அலுமினிய நிறுவனம், ஒடிசாவின் லாஞ்சிகட் அலுமினா ஆலை ஆகியவற்றை ஆராய்ந்து, இவற்றில் முதலிட்டுக்கொண்டிருப்பது கடுமையான சுற்றுச்சூழல் கேட்டுக்கும் மனித உரிமை மீறலுக்கும் துணைபோவதாகும் என்று 2007-இல் பரிந்துரைத்தது. இவற்றின் உரிமையாளரான வேதாந்தா குழுமம் அதே ஆண்டு அந்த நிதியிலிருந்து விலக்கப்பட்டது. 2010 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபையும் தன்னிடமிருந்த வேதாந்தா பங்குகளை விற்றது. நிறுவனம் குற்றச்சாட்டுகளைத் தொடர்ந்து மறுத்தது. தூத்துக்குடி ஆலை அதன்பின்னும் பல ஆண்டுகள் இயங்கியது. ஆலைக்கு எதிரான 2018 மே மாதப் போராட்டத்தின்போது காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்த பிறகே தமிழ்நாடு அரசு ஆலையை நிரந்தரமாக மூட ஆணையிட்டது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29 அன்று தள்ளுபடி செய்தது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே தொலைதூர நாடொன்றின் ஓய்வூதிய நிதி பொது ஆவணமாக வெளியிட்ட எச்சரிக்கையை வேறு எந்த முதலீட்டாளரும் எடுத்துப் படித்திருக்க முடியும் என்பதே இதில் மிகவும் வருத்தம் தரும் செய்தி. உள்ளூர் மக்கள் காற்றையும் நீரையும் பற்றி எழுப்பிய குறை, காலம் கடந்து, பூட்டப்பட்ட ஆலையாகவும் வருவாயற்ற சொத்தாகவும் முதலீட்டுக் கணக்கில் வந்து சேர்ந்தது. அதே வேளையில், விற்றுவிட்டு வெளியேறுவதால் ஆலையின் புகை குறைவதில்லை; பங்கு மற்றொருவர் கைக்கு மாறுகிறது, அவ்வளவே. உள்ளே இருந்துகொண்டு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்பதும், தீர்மானங்களை எதிர்த்து வாக்களிப்பதும் இதனால்தான் விற்பனைக்கு இணையான கருவிகளாகக் கருதப்படுகின்றன.

இந்தியச் சட்டத்தில் இந்த வாக்குக்கு இன்று ஓரளவு வலு உண்டு. முதலிட்ட நிறுவனத்தைக் கண்காணித்து, பொறுப்போடு வாக்களித்து, அதை வெளிப்படுத்த வேண்டும் என்னும் ‘பொறுப்பாளர் நெறிமுறை’யைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017-இலும், ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையம் 2018-இலும், பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டாளரான செபி 2019-இலும் வெளியிட்டன. பரஸ்பர நிதிகள் நிறுவனத் தீர்மானங்களில் வாக்களிப்பது 2021 ஏப்ரலிலிருந்து படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் இ.டி.எஃப். (சந்தையில் வாங்கி விற்கத்தக்க நிதி) திட்டங்களுக்கும் இது பொருந்தும் என்பது தொழிலாளர்களுக்கு முக்கியமானது. ஏனெனில், வருங்கால வைப்பு நிதி அமைப்பு 2015 ஆகஸ்ட் முதல் பங்குச் சந்தையில் இட்டுவரும் பணம் இ.டி.எஃப். வழியாகவே செல்வதால், அந்தப் பங்குகளுக்குரிய வாக்கு வைப்பு நிதி அமைப்பிடம் இருப்பதில்லை, திட்டத்தை நடத்தும் பரஸ்பர நிதி நிறுவனத்திடம் இருக்கிறது. அந்நிறுவனம் எந்தத் தீர்மானத்துக்கு ஆதரவாக, எதற்கு எதிராக, என்ன காரணத்தால் வாக்களித்தது என்பதைக் காலாண்டுதோறும் தன் இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர் தன் பிடித்தப் பணத்தின் பெயரால் போடப்பட்ட வாக்கை அங்கே தேடிப் பார்க்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நிறுவனங்கள் தரும் தகவலும் கூடியிருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களிலுள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், 2022-23 நிதியாண்டு முதல், தொழில் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையை ஆண்டறிக்கையோடு வெளியிட வேண்டும். கரியமில வாயு வெளியேற்றம், தண்ணீர்ப் பயன்பாடு, கழிவு, பணியிட விபத்து, பெண்களுக்கான ஊதியப் பங்கு போன்ற சில முதன்மை விவரங்களை வெளியாளர் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி 2023-இல் சேர்க்கப்பட்டு, பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாக விரிவாக்கப்படுகிறது. இ.எஸ்.ஜி. என்ற பெயரோடு விற்கப்படும் பரஸ்பர நிதித் திட்டம், விலக்கல், ஒருங்கிணைத்தல், தாக்க முதலீடு போன்ற ஆறு உத்திகளில் எதைப் பின்பற்றுகிறது என்பதைத் திட்டத்தின் பெயரிலேயே குறிப்பிட்டு, சொத்தில் குறைந்தது 80 விழுக்காட்டை அந்த உத்தியின்படியே முதலிட வேண்டும் என்பதும் 2023 ஜூலையில் வந்த விதியே. அரசும் 2023 ஜனவரியில் பசுமைக் கடன்பத்திரங்களை வெளியிடத் தொடங்கி, அந்த நிதியாண்டில் 16,000 கோடி ரூபாய் திரட்டியது.

இவ்வளவு விதிகளுக்குப் பின்னும் ஆபத்து நீங்கிவிடவில்லை. முதல் ஆபத்து ‘பசுமைப் பூச்சு’, அதாவது செய்யாத நன்மையைச் செய்ததாகக் காட்டி முதலீட்டை ஈர்ப்பது. ஆஸ்திரேலியாவின் மெர்சர் சூப்பர் என்னும் ஓய்வூதிய நிதி, நிலக்கரி போன்ற கரிச்செறிவு மிகுந்த எரிபொருள், மது, சூதாட்டம் ஆகியவற்றைத் தவிர்ப்பதாகச் சொல்லி ‘சஸ்டெய்னபிள் பிளஸ்’ என்ற திட்டங்களை உறுப்பினர்களுக்கு விற்றது. ஆனால் எரிபொருள் துறையில் 15, மதுத் துறையில் 15, சூதாட்டத் துறையில் 19 நிறுவனங்களின் பங்குகள் அவற்றில் இருந்தன. 2024 ஆகஸ்டில் நீதிமன்றம் விதித்த தண்டம் 1.13 கோடி ஆஸ்திரேலிய டாலர். ஓய்வுக்காலத்துக்குச் சேமித்தவரின் மனச்சான்றையே சந்தைப் பொருளாக்கிய இச்செயலை வெறும் விளம்பரப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது.

இரண்டாவது ஆபத்து மதிப்பெண்ணில் இருக்கிறது. ஆறு பெரிய தர நிர்ணய நிறுவனங்களின் இ.எஸ்.ஜி. மதிப்பெண்களை ஒப்பிட்ட ஆய்வொன்று அவற்றிடையேயான ஒட்டுறவு சராசரியாக 0.54 மட்டுமே என்று கண்டது. ஒரே நிறுவனம் ஒருவர் பார்வையில் உயர்ந்தும் மற்றவர் பார்வையில் தாழ்ந்தும் நிற்கலாம் என்பதே இதன் பொருள். தர நிர்ணயத்தை மட்டும் நம்புவதன் விலையை இந்தியச் சேமநிதிகள் முன்பே அறிந்தவை. 2018-இன் நடுப்பகுதி வரை மிக உயர்ந்த ஏஏஏ கடன் தரம் பெற்றிருந்த ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்னும் உள்கட்டமைப்பு நிதிக் குழுமம், 90,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கடனோடு அந்த ஆண்டே தவணை தவறியபோது, அதன் கடன்பத்திரங்களை வாங்கியிருந்தவற்றுள் வைப்பு நிதி அறக்கட்டளைகளும் இருந்தன. சுற்றுச்சூழலைப் பற்றியே பேசப்படும் இத்துறையில் நிர்வாக ஒழுங்கு என்னும் மூன்றாம் கூறு பின்தள்ளப்படுவது சரியன்று. சந்தாதாரரின் பணம் விரைவாகக் கரைவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

தானாக முன்வந்து கொடுத்த வாக்குறுதியைத் தானாகவே திரும்பப் பெறலாம் என்பதையும் கவனிக்க வேண்டும். 2025 ஜனவரியில் பிளாக்ராக் என்னும் சொத்து மேலாண்மை நிறுவனம், கரியமில வாயு வெளியேற்றத்தில் நிகர சுழியம் நோக்கிய சொத்து மேலாளர்களின் கூட்டணியிலிருந்து விலகிய சில நாட்களில், அக்கூட்டணியே தன் பணிகளை நிறுத்திவைத்தது. கூட்டணி உறுப்பினர் என்ற அறிவிப்பைவிட ஒப்பந்தத்திலும் திட்ட ஆவணத்திலும் எழுதப்பட்ட கடமையே சந்தாதாரருக்குப் பிடிமானம்.

பரிகாரம் தேடுவோர் முதலில் பணம் யார் கையில் இருக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பரஸ்பர நிதித் திட்டம் சொன்னபடி நடக்கவில்லையெனில் முதலில் அந்நிறுவனத்துக்கு எழுத்துமூலம் புகார் தந்து, தீர்வு கிடைக்காதபோது செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதியலாம். அங்கு பதிந்த புகாருக்கு 21 நாட்களுக்குள் நடவடிக்கை அறிக்கை தரப்பட வேண்டும், அது நிறைவு தராவிட்டால் இரண்டு நிலைகளில் மறுஆய்வு கோரலாம். தேசிய ஓய்வூதியத் திட்டச் (என்.பி.எஸ்.) சந்தாதாரர் மையப் பதிவு முகமையில் புகாரைத் தொடங்கி, என்.பி.எஸ். அறக்கட்டளைக்கும், பின்னர் குறைதீர்ப்பாளருக்கும் கொண்டுசெல்லலாம். பொருளையோ சேவையையோ பசுமையானது என்று பொய்யாக விளம்பரம் செய்தால், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளைச் சுட்டிப் புகார் அளிக்க இடமுண்டு. எந்தப் புகாரிலும் திட்ட ஆவணத்தின் எந்த வரி எந்த முதலீட்டால் மீறப்பட்டது என்று காட்டுவதே வலுவான வாதம். ஆகவே மாதந்தோறும் வெளியாகும் பங்குப் பட்டியலைத் தரவிறக்கிச் சேர்த்துவைப்பது பயன் தரும்.

வருங்கால வைப்பு நிதியில் உறுப்பினருக்குத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இல்லை. பிடிக்கவில்லை என்று வேறு நிதிக்கு மாறவும் இயலாது. வெளியேற வழியில்லாத இடத்தில் கேள்வி கேட்கும் உரிமை இன்னும் வலுவாக இருக்க வேண்டும் என்பதே நியாயம். அந்த அமைப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வரும் பொது அதிகார அமைப்பு என்பதால், எந்தக் கடன்பத்திரங்கள் வைத்திருக்கப்படுகின்றன, அவற்றில் தவணை தவறியவை எவை என்று 10 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பித்துக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடும், அதன்பின் மத்திய தகவல் ஆணையமும் உள்ளன. நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய முன்னுதாரணமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ரெஸ்ட் ஓய்வூதிய நிதி பருவநிலை ஆபத்தை எவ்வாறு கையாளுகிறது என்ற தகவலைத் தரவில்லை என்று 23 வயது உறுப்பினரான மார்க் மெக்வே 2018-இல் தொடுத்த வழக்கு, 2020 நவம்பரில் சமரசத்தில் முடிந்தபோது, பருவநிலை மாற்றம் நிதிக்கு நேரடியான, இப்போதே உள்ள ஆபத்து என்று அந்த நிதி ஒப்புக்கொண்டு, முழுப் பங்குப் பட்டியலையும் வெளியிட உடன்பட்டது.

வைப்பு நிதியைத் தம் சொந்த அறக்கட்டளை வழியாக நடத்த விலக்குப் பெற்ற பெரிய நிறுவனங்களில், அறங்காவலர் குழுவில் நிர்வாகத்தின் பிரதிநிதிகளுக்குச் சம எண்ணிக்கையில் தொழிலாளர் பிரதிநிதிகளும் அமர்கிறார்கள். ஒவ்வொரு கடன்பத்திரத்தையும் வாங்கும் முன் அதன் தரச் சான்றோடு, அதை வெளியிடும் நிறுவனத்தின் நிலைத்தன்மை அறிக்கையையும் நிலுவையிலுள்ள சுற்றுச்சூழல் வழக்குகளின் பட்டியலையும் மேசைமேல் வைக்கக் கோருவதும், வைக்கப்படாவிட்டால் தம் மறுப்பைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்வதும் அந்தப் பிரதிநிதிகளின் கையிலேயே இருக்கின்றன.