எழுத்துக் கூட்டும் குழந்தை எங்கே நிற்கிறது?

முதல் வகுப்புப் பாடநூலின் ஒரு பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பிழையின்றிப் படித்து முடிக்கிறது ஒரு குழந்தை. அதே பக்கத்தில் மற்றவற்றைக் கையால் மறைத்து, நடுவிலுள்ள ஒரு சொல்லை மட்டும் காட்டி அது யாதென வினவினால் திகைத்து நிற்கிறது. பின்னர் முதல் வரியிலிருந்து மெல்ல முணுமுணுத்துக்கொண்டே வந்து அச்சொல்லை அடைகிறது. குழந்தை இதுகாறும் படிக்கவில்லை, ஒப்பித்தது. பார்வையிட வந்த அலுவலரின் குறிப்பேட்டிலோ 'படிக்கிறது' என்றே பதிவாகியிருக்கும்.

அடுத்த இருக்கையிலுள்ள குழந்தை ஒவ்வோர் எழுத்தையும் சரியாகச் சொல்லுகிறது. வரி முடிந்தபின் என்ன படித்தாய் என்றால் விடையில்லை. மூன்றாவது குழந்தை ஆசிரியர் சொல்லும் கதையை முழுவதும் விளங்கிக்கொண்டு தன் வாயால் திருப்பிச் சொல்லவும் வல்லது. அக்கதையே அச்சில் வந்தால் வாய் திறப்பதில்லை. இம்மூவருக்கும் பெரும்பாலான பள்ளிகளில் ஒரே மருந்துதான்: மீண்டும் அகரத்திலிருந்து தொடங்குவது. நோய் மூன்று வகை என்பதைப் பிரித்துக் காட்டவே வாசிப்புக் கல்வியின் கலைச்சொற்கள் பயன்படுகின்றன.

கிராமப்புறப் பிள்ளைகளைத் தனித்தனியே படிக்கச் செய்து கணக்கெடுக்கும் ஆண்டுக் கல்வி நிலை அறிக்கை, எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை எனப் படிப்படியாகச் சோதிக்கிறது. 2022இல் மூன்றாம் வகுப்பினருள் இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்க வல்லவர் நூற்றுக்கு 20.5 பேர், 2024இல் 27.1 பேர். எஞ்சியவர் யாவரும் ஒரே படியில் நிற்பவரல்லர்.

கூட்டலன்று, பெருக்கல்

கஃப், டன்மர் என்னும் அறிஞர் இருவர் 1986இல் ஓர் எளிய சூத்திரத்தை வகுத்தனர். எழுத்துக் கூட்டும் திறனையும், காதால் கேட்டுப் பொருளுணரும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதே வாசிப்பு. அவர்கள் கூட்டற்குறி இடாமல் பெருக்கற்குறி இட்டதிலேதான் செய்தி இருக்கிறது. இரண்டனுள் ஒன்று சுழியாயின் பயனும் சுழியே. மேலே கண்ட இரண்டாம் குழந்தைக்குப் பிற்பாதி குறைவு, மூன்றாவதற்கு முற்பாதி குறைவு. முதற் குழந்தைக்கோ நினைவாற்றல் முற்பாதியின் வேடம் பூண்டிருக்கிறது.

எழுத்தும் ஒலியனும்

பேச்சின் ஓட்டத்தைத் துண்டு துண்டாகக் கேட்டறியும் ஆற்றலுக்கு ஒலியுணர்வு என்று பெயர். துண்டு பெரிதாயின் அசை. மேலும் பிரிக்கவொண்ணாத அளவுக்குச் சிறிதாயின் ஒலியன். அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை ஒலியன் உணர்வைத் தலையாய கூறுகளுள் ஒன்றாக வைத்தது. ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். அதை அப்படியே நம் நாட்டு வகுப்பறைக்கு எடுத்து வருவதில்தான் இடர் நேர்கிறது.

'படம்' என்னும் சொல்லின் முதல் ஒலி எது என்று கேட்டால் நம் குழந்தை 'ப' என்னும். 'ப்' என்று சொல்லாது. இது பிழையன்று. இந்திய எழுத்துமுறைகளுள் பெரும்பாலானவற்றில் கண்ணுக்குத் தெரியும் அலகு, உயிரும் மெய்யும் ஒட்டிய உயிர்மெய்யே. ஒலியன் உணர்வு தானே முளைப்பதும் அன்று. எழுத்தறியாத போர்த்துக்கேயரிடம் நடத்தி 1979இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு சொல்லின் முதல் ஒலியனை மட்டும் நீக்கிச் சொல்ல அவர்களால் பெரும்பாலும் இயலவில்லை. வயது வந்த பின்னரேனும் எழுத்துக் கற்றவர்களால் இயன்றது. ஆகவே, ஒலியன் உணர்வு வந்த பின்னரே எழுத்து என்று காத்திருப்பது வீண். எழுத்தே அவ்வுணர்வைக் கொணரும்.

இவ்வகையில் தமிழாசிரியருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. புள்ளி வைத்த மெய்யெழுத்து ஒலியனைத் தனியே கண்ணுக்குக் காட்டுகிறது. 'க்' என்பதும் 'ஆ' என்பதும் சேர்ந்து 'கா' ஆகும் என்று கரும்பலகையில் எழுதும்போது, ஆங்கிலப் பள்ளிகள் பெரும்பாடு பட்டுக் கற்பிக்கும் கருத்து எளிதாக விளங்கிவிடுகிறது. தேவநாகரியில் க்ஷ, ஜ்ஞ போன்ற கூட்டெழுத்துகள் தம் உறுப்புகளின் சாயலே இன்றி நிற்பதால், அங்கே அவ்வளவு தெளிவு இல்லை.

ஆயினும் தமிழ்க் குழந்தைக்கும் தடைகள் உள. 'கெ' என்பதில் பின்னர் ஒலிக்கும் உயிரின் குறி முன்னே நிற்கிறது. 'கொ' என்பதிலோ இருபுறமும் நிற்கிறது. இந்தியில் இகரக் குறிக்கும் இதே முன்னிலை. கு, சு, து, பு என உகர வரிசை ஒரே வகையில் வளைவதில்லை; 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் இவ்வரிசையைத் தொடவில்லை. இத்தகைய காரணங்களால் நம் எழுத்துகளைக் கற்று முடிக்க ஓராண்டு போதாது. சோனாலி நாக் கன்னடக் குழந்தைகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வும், எழுத்தறிவு தொடக்க வகுப்புகள் பலவற்றினூடே மெல்ல வளர்வதைக் காட்டியது. முதல் வகுப்பின் இறுதியில் 247 எழுத்தும் முடிந்துவிடவேண்டும் என்று அட்டவணை போடுவோர் இதை எண்ணிப் பார்ப்பது நலம்.

கேட்ட மொழியும் படிக்கும் மொழியும்

கட்டு, பகல், தங்கம் ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. இந்தியில் 'கமல' என மூன்று எழுத்தாக எழுதியதைக் 'கமல்' என்றே படிப்பர். எழுத்துக் கூட்டிய குழந்தை, 'ஓ, இது நான் அறிந்த சொல்லன்றோ' என்று தானே திருத்திக்கொண்டால்தான் சொல் சரியாக வாயில் வரும். அச்சொல்லை முன்பே காதால் கேட்டிராத குழந்தை எதைக்கொண்டு திருத்தும்?

வீட்டில் கோண்டி பேசி, பள்ளியில் இந்தி நூலைத் திறக்கும் குழந்தையின் நிலை இதுதான். சூத்திரத்தின் பிற்பாதி ஏறக்குறையச் சுழி. அதனிடம் எழுத்துப் பயிற்சியை இரட்டிப்பாக்கினாலும் பெருக்கல் மாறாது. முதலில் அம்மொழியில் பேச்சும் கதையும் வேண்டும், அல்லது வீட்டு மொழியிலேயே படிப்புத் தொடங்கவேண்டும். 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, இயன்ற இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்புவரை வீட்டு மொழியே பயிற்றுமொழியாகட்டும் என்கிறது. சந்தாலி மொழிக்கு ரகுநாத் முர்மு 1925இல் வகுத்த ஒல் சிக்கி எழுத்தில், உயிரும் மெய்யும் தனித்தனி எழுத்தாகவே நிற்கும். அங்கே கற்பிப்பவர் தேவநாகரிப் பாடமுறையைப் பின்பற்றினால் பொருந்தாது.

வேகம் பற்றி ஒரு சொல்

தடையின்றிப் படித்தலைச் சரளம் என்பர். எழுத்துக் கூட்டுவதிலேயே கவனம் முழுவதும் செலவானால் வரியின் இறுதிக்கு வருமுன் அதன் தொடக்கம் மறந்துபோகும். சரளத்தின் தேவை அவ்வளவே. 2021இல் தொடங்கப்பெற்ற நிபுண் பாரத் இயக்கம், மூன்றாம் வகுப்பில் நிமிடத்துக்கு 60 சொற்களேனும் பொருளுடன் படிப்பதை இலக்காக வைத்தது. 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்பது தமிழில் ஒரே சொல். இந்தியில் அதுவே பல சொல். எனவே கடிகாரக் கணக்கை மொழிக்கு மொழி ஒப்பிடுதல் பொருந்தாது. 2022இல் 20 மொழிகளில் நடைபெற்ற அடிப்படைக் கற்றல் ஆய்வு, மொழிதோறும் தனி அளவுகோல் வகுத்தது முறையே. 'பொருளுடன்' என்ற சொல்லை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளும் பள்ளிகளில், பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஓடக் கற்கின்றனர்.

மூன்று சிறு சோதனைகள்

ஒரு குழந்தை எந்தப் படியில் நிற்கிறதென அறியப் பத்து நிமிடம் போதும். பாடநூலில் இல்லாத, பொருளும் இல்லாத 'தெமு', 'நோபி' போன்ற சொற்களை எழுதிக் காட்டலாம். அவற்றைப் படித்தால் எழுத்துக் கூட்டும் திறன் உண்டு, மனப்பாடம் துணைசெய்யவில்லை என்று கொள்ளலாம். அடுத்து, புதிய சிறுகதையொன்றைக் குழந்தைக்கு வாசித்துக் காட்டி இரண்டு கேள்வி கேட்கவேண்டும். இறுதியில் அதே அளவுள்ள வேறொரு கதையைக் குழந்தையே படித்து விடை சொல்லட்டும். முதலாவதில் தவறும் குழந்தைக்கு, அது தடுமாறிய எழுத்துகளையும் குறிகளையும் மட்டும் எடுத்துப் பயிற்சி தரவேண்டும். இரண்டாவதில் தவறுவதற்கு நாள்தோறும் கதையும் பேச்சும். இரண்டிலும் தேறி மூன்றாவதில் மட்டும் தவறுமாயின், அதற்கு வேண்டுவது எளிய நூல்கள் பலவும், அவற்றைப் படிக்க வகுப்பில் நேரமும்.