கோப்பை வென்றும் தேசியப் போட்டிக்குப் போக முடியாது: அமெரிக்கக் கல்லூரிகள் 'டிவிஷன் ஒன்று' ஏறுவது எப்படி?

2023 மார்ச் 7. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மெரிமாக் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணி, தன் லீக் இறுதி ஆட்டத்தில் ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழக அணியை 67-66 என்று ஒரே புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தியது. சாதாரணமாக இப்படி ஜெயிக்கும் அணிக்கு, 'மார்ச் மேட்னஸ்' என்று அமெரிக்காவே கொண்டாடும் தேசியப் போட்டியில் நேரடி இடம் கிடைக்கும்.

ஆனால் அங்கே போனது தோற்ற அணி! போனதோடு நிற்கவில்லை. பத்தே நாளில், முதல் தர வரிசையில் இருந்த பர்டூ பல்கலைக்கழகத்தை 63-58 என்று கவிழ்த்தது ஃபேர்லி டிக்கின்சன். ஆண்கள் போட்டி வரலாற்றில், 16-ஆம் நிலை அணி ஒன்று முதல் நிலை அணியை வென்றது அது இரண்டாவது முறைதான். அதைத் தோற்கடித்த மெரிமாக் வீரர்களுக்கு அந்தப் போட்டியில் இடமே இல்லை.

என்ன தப்பு செய்தார்கள்? ஒன்றுமில்லை. அவர்களின் கல்லூரி அப்போது ஒரு படி மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

டிவிஷன் என்றால் என்ன?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு என்சிஏஏ. இதில் சுமார் 1,100 கல்லூரிகள் உறுப்பினர்கள். 1973 முதல் இவை மூன்று டிவிஷன்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. டிவிஷன் மூன்றில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. இரண்டில் ஓரளவு உண்டு. ஒன்றில்தான் பெரிய பணம், டிவி ஒளிபரப்பு, நாடு முழுக்கப் பெயர் எல்லாம். சுமார் 360 கல்லூரிகள் அதில் இருக்கின்றன.

இங்கிலாந்து கால்பந்து மாதிரி, கீழே ஜெயித்தால் தானாக மேலே போகும் முறை இங்கே இல்லை. கல்லூரி நிர்வாகம்தான் ஏறுவதா, இறங்குவதா என்று முடிவு செய்யும்.

ஏற என்ன வேண்டும்?

முதலில், டிவிஷன் ஒன்றில் இருக்கும் ஏதாவது ஒரு லீக் 'எங்களோடு வாருங்கள்' என்று அழைக்க வேண்டும். அழைப்பு இல்லையென்றால் விண்ணப்பமே செல்லாது. அடுத்து, பத்து லட்சம் டாலருக்கும் மேல் விண்ணப்பக் கட்டணம். குறைந்தது 14 விளையாட்டுகளுக்கு அணி வைத்திருக்க வேண்டும். ஸ்காலர்ஷிப், பயிற்சியாளர் சம்பளம், பயணச் செலவு எல்லாம் கூடும்.

இந்தக் காசு எங்கிருந்து வரும்? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில், இதற்காகத் தங்கள் கட்டணத்தை உயர்த்த 2016-இல் மாணவர்களே வாக்களித்தார்கள். அதன் பிறகுதான் அந்த வளாகம் 2020-இல் மேலே ஏறியது.

ஏன் காத்திருக்க வைக்கிறார்கள்?

ஆண்கள் கூடைப்பந்து தேசியப் போட்டியின் டிவி உரிமை மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 100 கோடி டாலருக்கு மேல். அதில் பங்கு கேட்டு எல்லோரும் ஓடி வந்துவிடக் கூடாது, வருகிற கல்லூரி படிப்பு, நிதி, விதிமுறைகளில் தாக்குப்பிடிக்குமா என்று பார்க்க வேண்டும் என்பதே என்சிஏஏ சொல்லும் நியாயம். அதனால் டிவிஷன் இரண்டிலிருந்து வருபவர்களுக்கு நான்கு ஆண்டு 'மாறுதல் காலம்' வைத்தார்கள். அந்தக் காலத்தில் லீக் ஆட்டங்கள் ஆடலாம், தேசியப் போட்டிக்கு மட்டும் போக முடியாது.

நியாயத்தில் தவறில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு மாணவர் கல்லூரி அணியில் ஆடக்கூடியது பொதுவாக நான்கு சீசன். மாறுதல் காலமும் நான்கு ஆண்டு. முதல் ஆண்டில் சேர்ந்த மாணவருக்கு முழுக் கல்லூரி வாழ்க்கையும் இதிலேயே போய்விடும். முடிவெடுப்பது நிர்வாகம், காத்திருப்பது மாணவர்.

2022-இல் கென்டக்கி மாநிலத்தின் பெல்லார்மின் பல்கலைக்கழகத்துக்கும் இதே கதைதான். லீக் சாம்பியன் ஆனார்கள். தேசியப் போட்டிக்குப் போனது ஜாக்சன்வில் ஸ்டேட்.

அமெரிக்கக் கால்பந்தில், டிவிஷன் ஒன்றுக்கு உள்ளேயே இன்னொரு படி உண்டு. அதில் ஏறுவதற்கான கட்டணத்தை 2023-இல் 5,000 டாலரிலிருந்து 50 லட்சம் டாலராக உயர்த்தினார்கள். அந்தப் படியில் ஏறிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம் அதே ஆண்டில் தொடர்ந்து பத்து ஆட்டம் வென்றது. விலக்கு கேட்டும் கிடைக்கவில்லை. கடைசியில், தகுதி பெற்ற அணிகள் போதவில்லை என்பதால்தான் சீசன் முடிவில் நடக்கும் 'பவுல்' ஆட்டம் ஒன்றில் அவர்களுக்கு இடம் கிடைத்தது.

விதி மாறியதா?

மாறியது. 2025 ஜனவரியில் என்சிஏஏ இந்தக் காலத்தை ஓர் ஆண்டு குறைத்தது. நிபந்தனைகளை நிறைவேற்றினால் டிவிஷன் இரண்டிலிருந்து வருபவர்களுக்கு மூன்று ஆண்டு, மூன்றிலிருந்து வருபவர்களுக்கு நான்கு ஆண்டு.

உடனே பலன் கண்டது மினசோட்டாவின் செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகம். அதன் கதை விநோதமானது. அளவுக்கு மீறி ஜெயித்ததால் வெளியேற்றப்பட்ட கல்லூரி அது! 2017-இல் ஒரு கால்பந்து ஆட்டத்தை 97-0 என வென்றது. தாங்களே நிறுவன உறுப்பினராக இருந்த லீக், 'போட்டியில் சமநிலை இல்லை' என்று 2019-இல் அவர்களை வெளியே அனுப்பியது. வேறு வழி தேடி, 2021-இல் டிவிஷன் மூன்றிலிருந்து நேராக ஒன்றுக்குத் தாவினார்கள். விதி மாறியதால் ஓர் ஆண்டு முன்னதாகவே, 2025-26 சீசனில் தகுதி பெற்றுவிட்டார்கள்.

ஏறினால் லாபம்தானா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஹார்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2021 மார்ச்சில் முதல்முறையாக ஆண்கள் தேசியப் போட்டிக்குள் நுழைந்தது. இரண்டே மாதத்தில், 'டிவிஷன் மூன்றுக்கே போகிறோம்' என்று அதன் நிர்வாகம் முடிவெடுத்தது. 2025 மார்ச்சில் பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ் பல்கலைக்கழகமும் அப்படித்தான். அணி தேசியப் போட்டியில் ஆடி முடித்த சில நாளில் இறங்கும் அறிவிப்பு வந்தது.

காரணம் செலவு. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தால், கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். சிறிய கல்லூரிகள் இந்தப் பந்தயத்தில் எப்படி ஓடும்?

ஏறலாமா என்று யோசிக்கும் நிர்வாகங்கள் பணக் கணக்கோடு இன்னொரு கணக்கையும் போட வேண்டும். நாம் காத்திருக்கச் சொல்லும் மாணவருக்கு, காத்திருக்க ஆண்டுகள் மீதம் இருக்கிறதா?

மெரிமாக்குக்கு என்ன ஆச்சு? காத்திருப்பு முடிந்து 2024-இல் முழுத் தகுதியோடு மீண்டும் லீக் இறுதிக்கு வந்தார்கள். ஜெயித்தால் தேசியப் போட்டி. சொந்த அரங்கில், வாக்னர் கல்லூரியிடம் 54-47 என்று தோற்றார்கள். போகத் தடை இருந்த ஆண்டில் கோப்பை கிடைத்தது. தடை நீங்கிய ஆண்டில் கோப்பை கிடைக்கவில்லை.