டிஷ்ஷா, கேபிளா: இரண்டுக்கும் வானம்தான் வேர்

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்பினால் லைன் வீடுகள் தொடங்கிவிடும். ஒரே வராந்தாவில் எட்டு அறை, பத்து அறை; கதவுக்குக் கதவு சேஃப்டி ஷூக்கள். அண்ணாந்து பார்த்தால் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் முழுக்க டிஷ்கள். சில தெற்கே பார்க்கின்றன, சில தென்கிழக்கே. அவற்றுக்குக் கீழே, கம்பத்துக்குக் கம்பம் தொய்ந்தபடி போகிறது கறுப்பு கேபிள் ஒயர்.

அப்படியொரு வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த இளைஞர் ஒருநாள் என்னிடம், "அண்ணே, டிஷ் போடட்டுமா, கேபிள் எடுக்கட்டுமா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் வீட்டுக்கார அம்மா முந்திக்கொண்டார்: "மழை வந்தா டிஷ் நின்னுடும் தம்பி, கேபிளே எடுத்துக்கோ." பக்கத்து அறைக்காரர் விடவில்லை: "கரண்ட் போனா கேபிள் போயிடும்க்கா. நம்ம வீட்லதான் இன்வெர்ட்டர் இருக்கே, டிஷ்ஷே போடட்டும்."

இருவர் சொன்னதும் சரி. ஏன் சரி என்று தெரிந்துகொண்டால், எதை எடுப்பது என்ற கேள்விக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

கேபிளுக்கும் டிஷ் உண்டு

டிஷ் என்றால் வானம், கேபிள் என்றால் தரை என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் கேபிளில் வரும் சேனல்களில் பெரும்பாலானவையும் வானத்திலிருந்து இறங்கியவைதான். கேபிள் கன்ட்ரோல் ரூமின் மாடியில் ஆள் உயரத்தை மிஞ்சும் டிஷ்கள் நிற்கும். அவை பல செயற்கைக்கோள்களைப் பார்த்துச் சேனல்களைப் பிடிக்கும். அவற்றை ஒன்றாகத் தொகுத்து ஃபைபரில் ஏற்றி, தெருவுக்குள் கொண்டுவந்து, ஒயர் வழியாக வீட்டுக்குள் விடுகிறார்கள். நேரடியாக வீட்டுக்கே வரும் டிஷ் சேவையான டிடிஎச்சில் அந்த டிஷ்ஷே சிறியதாகி உங்கள் மாடிக்கு வந்துவிடுகிறது. ஆகவே வானமா ஒயரா என்பதல்ல கேள்வி. யாருடைய டிஷ், யாருடைய பொறுப்பு என்பதுதான்.

இரண்டுக்கும் வேராக இருப்பது நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள ஒரு பாதை. அங்கே நொடிக்குச் சுமார் 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் செயற்கைக்கோள், பூமி ஒருமுறை தன்னைச் சுற்றும் நேரத்தில் தானும் ஒரு சுற்றை முடிக்கிறது. அதனால் நம் கண்ணுக்கு அது அசையாமல் நிற்பதுபோல் ஆகிறது. சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய டிஷ்ஷை ஒருநாளும் திருப்ப வேண்டியிராததன் ரகசியம் இதுவே. இப்பாதையில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுதும் ஒலிபரப்பலாம் என்று 1945இல் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பின்னாளில் இலங்கையில் குடியேறி, கடைசிவரை அங்கேயே வாழ்ந்தவர்.

அந்தக் கனவு இந்தியக் கிராமங்களுக்கு வந்தது 1975 ஆகஸ்டில். நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கொண்டு 6 மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக நிகழ்ச்சிகளை அனுப்பிப் பார்த்தது இஸ்ரோ. கிராமத்துக்கு ஒரு டிவி. அதற்கு 3 மீட்டர் அகலத்தில் கோழிவலைக் கம்பியில் செய்த டிஷ். தமிழ்நாடு அதில் இல்லை. நமக்கு அதே மாதம் 15ஆம் தேதி சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தரைவழியாகத் தொடங்கியது. அன்றைய 3 மீட்டர் வலை இன்று 60 சென்டிமீட்டர் தட்டாகச் சுருங்கியிருக்கிறது. அலையின் நீளம் குறையக் குறைய, சிறிய தட்டே அதைக் குவிக்கப் போதும் என்பது அதற்கு ஒரு காரணம். செயற்கைக்கோளின் திறன் கூடியது இன்னொன்று.

இரண்டு ஃபேனின் மின்சாரம், ஒரு தேசத்துக்கு

கூடியது என்றாலும் அந்தத் திறன் எவ்வளவு? 2005 டிசம்பரில் ஏவப்பட்ட இன்சாட்-4ஏ, இந்திய டிடிஎச்சுக்குப் பெரிதும் உதவிய செயற்கைக்கோள். அதிலிருந்த, அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் கு-பேண்ட் டிரான்ஸ்பாண்டர் ஒவ்வொன்றின் திறன் 140 வாட். நம் வீட்டில் ஓடும் இரண்டு சீலிங் ஃபேனுக்கு ஆகும் மின்சாரம்தான் அது. அதை ஆன்டெனா இந்திய நிலப்பரப்பின் மேல் குவித்து அனுப்புகிறது.

36,000 கிலோமீட்டர் கடந்து நம் மாடிக்கு வரும்போது அதில் மிச்சம் என்ன? கணக்குப் போட்டுப் பார்த்தால், 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்குள் விழுவது ஒரு வாட்டின் லட்சம் கோடியில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. அறையில் எரியும் 9 வாட் எல்இடி பல்போடு ஒப்பிட்டால் 5 லட்சம் கோடியில் ஒரு பங்கு. அத்தனை மெல்லிய முணுமுணுப்பை முதலில் பிடிக்கிறது, டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உள்ளங்கை அளவு எல்என்பி. வந்த அலையைப் பெருக்கி, சாதாரண ஒயரில் போகக்கூடிய தாழ்ந்த அலைவரிசைக்கு மாற்றி, கீழே செட்டாப் பாக்ஸுக்கு அனுப்புவதும் அதுதான். அதிலிருந்து ஒரு கிரிக்கெட் மேட்ச், பாட்டு, செய்தி எல்லாவற்றையும் பிழையில்லாமல் பிரித்தெடுப்பது பாக்ஸின் வேலை.

முணுமுணுப்பைக் கேட்கக் காதைச் சரியான பக்கம் திருப்ப வேண்டும். கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பாருங்கள். அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய 2 டிகிரி. டிஷ் அந்த ஒரு விரல் அகலம் விலகினாலே படம் போய்விடும். 2010 ஜூலையில் இது பெரிய அளவில் நிரூபணமானது. 93.5 டிகிரி கிழக்கில் இருந்த இன்சாட்-4பியின் மின்சார அமைப்பில் கோளாறு ஏற்பட்டு, பாதி டிரான்ஸ்பாண்டர்களை அணைக்க வேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த டிடிஎச் நிறுவனமான சன் டைரக்ட், 91.5 டிகிரியில் இருந்த மீசாட்-3க்கு மாறியது. வானத்தில் 2 டிகிரி மாற்றம். அதற்காகத் தரையில் வீடுவீடாக மாடி ஏறி டிஷ்களைத் திருப்ப வேண்டியிருந்தது. கேபிள் வைத்திருப்பவர் மாடி ஏற வேண்டாம். அவருக்காகக் கன்ட்ரோல் ரூமில் யாராவது ஏறியிருப்பார்.

மழைத்துளி செய்யும் இரண்டு வேலைகள்

வீட்டுக்கார அம்மாவின் கட்சிக்கு வருவோம். டிடிஎச் பயன்படுத்தும் கு-பேண்ட் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். பெருமழையின் துளிகள் சில மில்லிமீட்டர். இந்த அளவில் துளி அலையைச் சிதறவும் அடிக்கும், விழுங்கவும் செய்யும். கன்ட்ரோல் ரூமின் பெரிய டிஷ்கள் பெரும்பாலும் பிடிப்பது சி-பேண்ட். அதன் அலை ஏழெட்டு சென்டிமீட்டர். அதே துளி அதற்கு மிகச் சிறியது, கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். மழையில் டிஷ் நின்று கேபிள் ஓடுவது இதனால்தான்.

மழை செய்யும் இரண்டாவது வேலை அதிகம் பேருக்குத் தெரியாது. தெளிந்த வானத்தை மைக்ரோ அலையில் பார்த்தால் அது பூஜ்யத்துக்குக் கீழே 260 டிகிரியை ஒட்டிய கடுங்குளிர். அந்தக் குளிர்ந்த அமைதியில்தான் டிஷ்ஷுக்கு அந்த முணுமுணுப்பு கேட்கிறது. மழை மேகம் வந்தால் வெதுவெதுப்பான நீர் நடுவே நிற்கும். வெப்பமுள்ள எந்தப் பொருளும் மைக்ரோ அலையை உமிழும். ஆகவே மழை சிக்னலைக் குறைப்பதோடு நில்லாமல், தானும் இரைச்சல் போடுகிறது. டிஜிட்டல் படம் கொஞ்சம் கொஞ்சமாக மங்காது. பிழைகளைத் திருத்தும் எல்லைவரை பளிச்சென்று இருக்கும், எல்லை தாண்டியதும் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும்.

ஆனாலும் இந்த விஷயத்தில் நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. 83 டிகிரி கிழக்கில் நிற்கும் செயற்கைக்கோள் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேல் சுமார் 74 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சியில் இருக்கிறது. டெல்லியில் அது 56 டிகிரி. லண்டன் வீடுகளின் டிஷ்கள் பார்க்கும் செயற்கைக்கோளோ 25 டிகிரி உயரத்தில்தான். சாய்வாக வரும் அலை மழைக்குள் நெடுந்தூரம் நனைந்துகொண்டு வர வேண்டும். நேர் மேலிருந்து வரும் அலை சீக்கிரம் தப்பித்துவிடும். ஐப்பசி மழை அடித்துப் பெய்யும்போது டிஷ் நிற்பது உண்மை. அந்தக் கனத்த பொழிவு தணிந்ததும் தானாகவே வந்துவிடுவதும் உண்மை.

தெரு ஒயருக்குள் ஒரு பயணம்

கேபிள்காரர் வெட்டிப் போட்ட ஒயர்த் துண்டு கிடைத்தால் குறுக்காகப் பாருங்கள். நடுவில் ஒரு கம்பி. அதைச் சுற்றி வெள்ளை நுரை. அதன்மேல் அலுமினியத் தாளும் பின்னிய வலையும். வெளியே கறுப்புத் தோல். நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையே உள்ள நுரைக்குள்தான் சிக்னல் ஓடுகிறது. வெளி இரைச்சல் உள்ளே வராமல் வலை காக்கிறது. இப்படிக் காவல் இருப்பதால், விண்வழியில் வரும் டிஜிட்டல் அலையைவிட நெருக்கமாகத் தகவலைக் கேபிளில் அடைக்க முடிகிறது.

ஆனால் ஒயரில் போகப் போகச் சிக்னல் இளைக்கும். வீட்டுக்கு வீடு பிரிக்கும்போதும் இளைக்கும். அதனால் இடையிடையே கம்பத்தில் ஆம்ப்ளிஃபயர் வைக்கிறார்கள். அதற்கு மின்சாரம் வேண்டும். பக்கத்து அறைக்காரர் சொன்னது இதைத்தான்: உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும், தெருக்கோடி ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் இல்லையென்றால் படம் வராது. ஒரு ஜாயிண்டில் தண்ணீர் இறங்கினால் அதன் பிறகுள்ள வீடுகள் எல்லாம் சேர்ந்து தவிக்கும். உயரமான கன்டெய்னர் லாரிகள் ஓடும் ஊரில் தாழத் தொங்கும் ஒயருக்கும், சாலை அகலப்படுத்தும் ஜேசிபிக்கு முன்னால் புதைத்த ஃபைபருக்கும் ஆயுள் கெட்டியில்லை. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் மரங்களைச் சாய்த்தபோது மின்கம்பிகளோடு கேபிள்களும் அறுந்து விழுந்ததை இந்தப் பக்கத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

காசும் மொழியும்

கேபிள் என்றாலே மலிவு என்ற எண்ணம் தமிழ்நாட்டில் வேரூன்றக் காரணம் உண்டு. 2011 செப்டம்பர் 2இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குச் சேவையைத் தொடங்கியது. 2017இல் டிஜிட்டலுக்கு மாறியபோது செட்டாப் பாக்ஸை இலவசமாகக் கொடுத்தது. ஆனால் 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தபின், கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் ஒளிபரப்பாளரே அதிகபட்ச விலையை அறிவிக்க வேண்டும். கேபிளுக்கும் டிடிஎச்சுக்கும் அந்த உச்சவிலை ஒன்றே. எனவே பேக்கின் பெயரைப் பார்க்காமல், நீங்கள் பார்க்கும் சேனல்களை மட்டும் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

இந்தத் தொழிற்பட்டையில் மொழிக் கணக்கும் முக்கியம். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்தும் இங்கே வந்து உழைக்கிறார்கள். நாடு முழுதும் ஒரே கற்றையில் இறங்கும் டிடிஎச்சில் ஒடியாவும் வங்காளமும் இயல்பாகவே சேர்ந்து வரும். மாதச் சந்தாவே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷும் உண்டு. தமிழ் குறைவு, இந்தி அதிகம். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருபவருக்குத் தாய்மொழியில் ஒரு செய்தி கேட்பது சின்ன விஷயமல்ல. அறை வாடகைக்கு விடுபவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நிழல் சொல்லும் விடை

அந்த இளைஞருக்கு நான் சொன்ன முடிவு இது. கேபிள்காரர் கூப்பிட்ட அன்றே வருகிறார், கரண்ட் அதிகம் போவதில்லை, அதே ஒயரில் இன்டர்நெட்டும் வேண்டும் என்றால் கேபிள் எடுங்கள். அடிக்கடி அறை மாறுபவர், இன்வெர்ட்டர் இருப்பவர், வேற்றுமொழிச் சேனல் தேடுபவர், மாடியில் இடம் கிடைப்பவர் என்றால் டிஷ் போடுங்கள். அடித்துப் பெய்யும் மழையில் கொஞ்ச நேரப் பொறுமை மட்டும் வேண்டும்.

டிஷ் என்று முடிவானால் மறைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிஷ்ஷின் முகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது ஒரு பெரிய கிண்ணத்தின் ஓரத்தை வெட்டியெடுத்த துண்டு. முகம் காட்டும் இடத்தைவிட இருபது டிகிரிக்கு மேல் உயரத்தில்தான் செயற்கைக்கோள் இருக்கும். 83 டிகிரியில் உள்ளதற்கு, 10 அடி தள்ளி நிற்கும் கட்டடம் உங்கள் டிஷ்ஷைவிட 35 அடி உயர்ந்திருந்தால்தான் மறைக்கும். பயப்பட வேண்டியது தலைக்குமேல் கவிந்த வேப்பமரத்துக்கும் தென்னைக்கும்தான். நனைந்த இலை மழையைப் போலவே சிக்னலை விழுங்கும்.

மறைப்பு உண்டா என்று கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம், சூரியன் போதும். ஆண்டுக்கு இருமுறை, மார்ச் 14ஐயும் செப்டம்பர் 29ஐயும் ஒட்டிய நாட்களில், நம் ஊரிலிருந்து பார்க்கும்போது சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. அதன் வெப்ப இரைச்சலில் சில நிமிடம் படம் தடுமாறும். கேபிளின் பெரிய டிஷ்ஷும் தப்பாது. டாடா ப்ளே நிற்கும் 83 டிகிரிக்கு அது நண்பகல் 12 மணி வாக்கில். டிடி ஃப்ரீ டிஷ் நிற்கும் 93.5 டிகிரிக்குக் காலை 11 மணி வாக்கில். அந்த நேரம் மாடிக்குப் போங்கள். சூரியனைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். டிஷ் வைக்கப்போகும் இடத்தில் வெயில் விழுந்தால் சிக்னலும் விழும். மர நிழல் விழுந்தால், கேபிள்காரரைக் கூப்பிடுங்கள்.